சூடானால் நிற்கும் வண்டி

ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று அணைந்தது. உதறவில்லை, திணறவில்லை, புகை தள்ளவில்லை. யாரோ சாவியைத் திருப்பிவிட்ட மாதிரி இன்ஜின் நின்றுவிட்டது. ஸ்டீயரிங் கல்லாக இறுகியது. இருந்த வேகத்திலேயே உருட்டி ஓரம் கட்டினேன். சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகத்தான் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் போனில் யார் யாரையோ கூப்பிட்டுவிட்டு, கடைசியாக ஒரு தடவை பார்ப்போமே என்று சாவியைத் திருப்பினேன். எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது.

அடுத்த மூன்று மாதத்தில் இதே கூத்து எட்டு முறை. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் மட்டும் சமர்த்தாக ஓடும். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் பல்வலி போய்விடுமே, அதே கதை.

முதல் ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள். அதற்கு ஒரு காரணமும் சொன்னார்கள்: வண்டி நின்றிருந்த ஒரு சமயத்தில் செல்ஃப் அடித்துப் பார்த்தபோது பம்ப் ஓடும் சத்தமே வரவில்லையாம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஒரு வாரம் வண்டி ஒழுங்காக ஓடியது, எட்டாம் நாள் மறுபடி நின்றது. அப்புறம் ஃபில்டர், அப்புறம் ஸ்பார்க் பிளக், அப்புறம் ஏதோ ஒரு ரிலே. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் நம்பிக்கை, ஒரு பில்.

கடைசியில் போய்ச் சேர்ந்தது ஒரு வயதான மெக்கானிக்கிடம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. கையைத் துடைத்தபடி கேட்டார்:

“எப்ப நிக்குது தம்பி?”

“திடீர் திடீர்னு நிக்குதுண்ணே.”

“திடீர்னு எதுவும் நிக்காது. காலையில எடுத்த உடனே என்னைக்காவது நின்னிருக்கா? மழையில? பெட்ரோல் கம்மியா இருந்தப்ப? பள்ளத்துல ஏறி இறங்கினப்ப?”

யோசித்துப் பார்த்தேன். எட்டு முறையும் வண்டி குறைந்தது முக்கால் மணி நேரம் ஓடியபிறகுதான் நின்றிருக்கிறது. எட்டு முறையும் ஆறிய பிறகு தானாகவே கிளம்பியிருக்கிறது. காலையில் ஒருநாளும் தகராறு செய்ததில்லை. இத்தனையும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். யாரும் கேட்கவில்லை, நானும் சேர்த்துப் பார்க்கவில்லை.

“அப்ப சூட்டுல செத்து, ஆறினா பொழைக்கிற சாமான் ஏதோ ஒண்ணு” என்றார். அடுத்த முறை நின்றால் செய்ய வேண்டியவை என்று இரண்டு வேலை சொல்லி அனுப்பினார். ஒன்று, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் (இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டுவது) கொஞ்சமாவது அசைகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் அவர் காட்டிய ஒரு சின்ன சென்சார் மேல் ஈரத்துணியை வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்பது நாள் கழித்து நின்றது. வாழ்க்கையிலேயே வண்டி நின்றதற்கு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். செல்ஃப் அடித்தேன்; முள் பூஜ்யத்திலேயே படுத்துக்கிடந்தது. பாட்டில் தண்ணீரில் துணியை நனைத்து, சைலன்சர் பைப்பில் கை படாமல் உள்ளே விட்டு, அந்த சென்சார் மேல் போட்டேன். இரண்டு நிமிடம். சாவியைத் திருப்பினேன். முள் துள்ளியது, இன்ஜின் பிடித்தது.

கிராங்க் சென்சார். கட்டைவிரல் பருமன்கூட இல்லை. கிராங்க் ஷாஃப்ட் சுற்றுவதை, ஒரு பல்சக்கரத்தின் பற்கள் கடந்துபோவதை வைத்துக் கணக்கெடுத்து இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. பிளக் எப்போது பொறி விட வேண்டும், இன்ஜெக்டர் எப்போது பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் எல்லாம் அந்தக் கணக்கை வைத்துத்தான். என் வண்டியில் அதற்குள்ளே இருந்த கம்பிச் சுருள் எங்கோ நுண்ணியதாக விட்டிருந்தது. சூட்டில் விரிந்தால் தொடர்பு அறும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

பம்ப் விஷயம் என்னவென்றால், பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் சுற்றவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்தால் பெட்ரோல் பம்ப்பையும் நிறுத்திவிடும். விபத்தில் இன்ஜின் நின்றபிறகும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டிருந்தால் ஆபத்து அல்லவா, அதற்கான ஏற்பாடு. ஆக, அன்றைக்குப் பம்ப் ஓடாதது நிஜம். அது விளைவு, காரணம் வேறு இடத்தில் இருந்தது. நல்ல பம்ப் ஒன்று குப்பைக்குப் போனது.

அன்று முதல் வண்டியில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். என்ன கோளாறு என்பதைவிட எப்போது வந்தது என்பதைத்தான் அதில் எழுதுவேன். சூடா, குளிரா, நின்றபடியா, ஓட்டத்திலா, மேட்டிலா, பள்ளத்திலா, மழைக்குப் பிறகா. கோளாறின் பெயரே தெரியாவிட்டாலும் பாதிச் சந்தேகங்களை இது கழித்துவிடும்.

முதலில் காலை நேரக் கோளாறுகள். சாவியைத் திருப்பியதும் டிக் டிக் டிக் என்று வேகமாகச் சத்தம் வந்து, டேஷ்போர்டு விளக்குகள் மங்கினால் பேட்டரியில் சக்தி இல்லை. ஒரே ஒரு ‘டக்’ கேட்டு, விளக்குகள் பளிச்சென்று அப்படியே இருந்தால் செல்ஃப் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வைத்தால் நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை ஏறினால் பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஏறாமல் 12 சொச்சத்திலேயே நின்றால் புது பேட்டரி வாங்கிப் போட்டும் பிரயோஜனமில்லை, அதுவும் மறுநாள் படுத்துவிடும். புதிய வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜிங்கைக் கூட்டிக் குறைக்கும், அதனால் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

இதிலும் பலர் பேட்டரியைக் குறைசொல்லிவிட்டு டெர்மினலை மறந்துவிடுகிறார்கள். ஒரு சின்னச் சோதனை உண்டு. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழ் மேலேயும் மறுமுனையை அதைக் கவ்விக்கொண்டிருக்கும் கிளாம்ப் மேலேயும் வைத்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் உலோகம்தானே, மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் இடையில் பூஞ்சைபோல் படிந்த உப்பு மின்சாரத்தைத் தின்கிறது என்று அர்த்தம். நெகட்டிவ்வை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, பிரஷால் தேய்த்து, பாசிட்டிவ்வை முதலில் மாட்டினால் வேலை முடிந்தது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் ஒரு குபுக் நீலப்புகை வந்து, அப்புறம் நின்றுவிட்டால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது; ராத்திரி முழுக்க ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கி உட்கார்ந்திருக்கும். அதே நீலப்புகை மேடு ஏறும்போதும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் மேல் சந்தேகப்படலாம். டர்போ இருக்கும் வண்டியென்றால் அதையும் பார்க்க வேண்டும். இரண்டுமே வண்டி ஆயில் குடிக்கிற கேஸ்தான். ஆனால் முதலாவதோடு வருடக்கணக்கில் ஓட்டலாம், ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை மட்டும் ஒழுங்காகப் பார்த்தால் போதும். இரண்டாவது இன்ஜினைப் பிரிக்கிற வேலை. ‘நீலப்புகை வருது’ என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை விட்டுவிட்டு வந்தால் எந்த வேலை நடக்கும் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

அடுத்தது ஹீட் ஆகிற வண்டி. இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பத்து நிமிட அலட்சியத்தில் ஒரு இன்ஜினையே இழக்கக்கூடிய கோளாறு இதுதான்.

டெம்பரேச்சர் முள் எப்போது ஏறுகிறது? நெரிசலில் நிற்கும்போது ஏறி, வேகமெடுத்ததும் இறங்கினால் பழி பெரும்பாலும் ரேடியேட்டர் ஃபேன் மேல். ஓடும்போது காற்று தானாக அடிக்கிறது, நிற்கும்போது ஃபேன்தான் கதி. ஏசியைப் போட்டுப் பாருங்கள். எலக்ட்ரிக் ஃபேன் உள்ள பெரும்பாலான வண்டிகளில் உடனே ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கலாம். ஃபியூஸ் பெட்டியில் ஹாரனுக்கும் ஃபேனுக்கும் ஒரே மாதிரி ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

இதற்கு நேர்மாறாக, நெரிசலில் சமாளித்து, நீண்ட ஓட்டத்திலோ மேட்டிலோ முள் ஏறினால் ஃபேனைத் தொட வேண்டாம். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்திருக்கலாம், வாட்டர் பம்ப்பின் இறக்கை தேய்ந்திருக்கலாம். ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே ஏறினால் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் தண்ணீரின் வழியைத் திறந்து மூடும் வால்வு) மூடியபடியே சிக்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். முள் ஏறும்போது ரேடியேட்டரின் ஒரு ஓஸ் கொதிக்கிறது, இன்னொன்று சில்லென்று இருக்கிறது என்றால் தண்ணீர் சுற்றி வரவில்லை. தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கினால் வேறு கதை: வண்டி ஹீட் ஆகாது, சூடேறவே நேரம் எடுத்து, பெட்ரோலை மட்டும் கூடுதலாகக் குடிக்கும். வண்டி கம்ப்யூட்டரில் பதிந்த கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரில் பி0128 என்று வருவது பெரும்பாலும் இதற்குத்தான்.

வழியில் முள் சிவப்பைத் தொடப்போகிறது, நிறுத்த இடமில்லை என்றால் ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுங்கள். உள்ளே வெந்துபோவீர்கள், ஆனால் அந்தக் குட்டி ஹீட்டர் ரேடியேட்டர் இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். அப்புறம் முதல் வசதியான இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: சிவப்பில் இருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று அர்த்தமில்லை. கூலன்ட் முழுக்க வெளியேறி, சென்சார் வெறும் ஆவியில் நிற்கும்போதும் முள் இறங்கும். அதை நம்பி ஓட்டியவர்கள் அடுத்துக் கேட்டது பிஸ்டன் இறுகும் சத்தத்தைத்தான்.

நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கை பரபரக்கும். திறக்காதீர்கள். வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் உள்ளே 120 டிகிரி வரைகூடக் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகிய கணத்தில் அழுத்தம் போய், அத்தனை தண்ணீரும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் பாயும். மேல் ஓஸைத் துணி வைத்து அமுக்கிப் பாருங்கள், கல்போல் இருந்தால் இன்னும் ஆறவில்லை. அரை மணியாவது பொறுத்து, ஓஸ் தொளதொளவென்று ஆனபிறகுதான் மூடி. கொதித்த இன்ஜினில் பச்சைத்தண்ணீரைக் கவிழ்த்து ஹெட்டை (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம்) வெடிக்க வைப்பதும் இந்தப் பரபரப்பில் நடப்பதுதான்.

கூலன்ட் குறைகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டு இல்லை என்றால் ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கட் பக்கம் மனசு போகும். இங்கேயும் ‘எப்போது’ உதவும். காலையில், ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் ஓஸ் இறுகுகிறதா? தண்ணீர் சூடேறி அழுத்தம் வர அவ்வளவு சீக்கிரம் வாய்ப்பில்லை. சிலிண்டரிலிருந்து காஸ் உள்ளே நுழைகிறது. கூலன்ட் டேங்கில் விடாமல் குமிழி வருவது, சைலன்சரில் இனிப்பு வாசனையுள்ள வெள்ளைப்புகை சூடானபிறகும் நிற்காமல் வருவது எல்லாம் இதே பக்கம் கைகாட்டும். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருப்பதைப் பார்த்து மட்டும் பயந்துவிடாதீர்கள். தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் உலராமல் அப்படித்தான் படியும். டிப்ஸ்டிக்கில் வரும் ஆயிலே பால் கலந்த நிறத்தில் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மிஸ்ஸிங்குக்கு, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாத கோளாறுக்கு வருவோம். நின்றபடி ஓடும்போது இன்ஜின் உதறுகிறது, மேட்டில் இழுவை இல்லை, செக் இன்ஜின் லைட் எரிகிறது. லைட் கண்சிமிட்டினால் உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டு உருக்கிக்கொண்டிருக்கிறது. நிலையாக எரிந்தால் கொஞ்சம் அவகாசம் உண்டு. ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது என் கணக்கில் டூல் பாக்ஸில் இரண்டாவது முக்கியமான பொருள் (முதலாவது மல்டிமீட்டர்). அமெரிக்காவில் 1996 மாடல் முதலும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் ஸ்கேனரைச் செருகும் 16 ஊசி சாக்கெட் கட்டாயமானது, அதனால் இன்றைக்கு ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றில் ஸ்டீயரிங்குக்குக் கீழே எங்காவது இருக்கும்.

ஸ்கேனர் பி0302 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். உடனே இக்னிஷன் காயில் (பிளக்குக்குப் பொறிக்கான மின்சாரம் தருவது) வாங்க ஓட வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு இரண்டாவது சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள், மூன்றாவதை இரண்டில் போடுங்கள். ஸ்கேனரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் கோளாறு காயிலோடு நடந்து போயிருக்கிறது, காயில்தான். பி0302 அப்படியே இருந்தால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை இதேபோல் மாற்றலாம், அப்புறம் இன்ஜெக்டர், கடைசியாக கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம்). கழற்றிய பிளக்கைத் தூக்கிப் போடாமல் முனையைப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் ஆரோக்கியம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். ஈரமாக, ஆயில் பிசுக்கோடு இருந்தால் ஆயில் உள்ளே வருகிறது. வெள்ளைவெளேரென்று கொப்புளம் போட்டிருந்தால் சூடு அதிகம்.

கோளாறு எண் சொல்லும் பொருளையே குற்றவாளி என்று முடிவுகட்டுவதுதான் இன்று அதிகம் நடக்கும் தவறு. பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். பலர் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். நெருப்பு பிடித்திருக்கிறது என்று கத்தியவனைப் பிடித்து உள்ளே போட்ட மாதிரி. ஸ்கேனரில் ஃபியூவல் டிரிம் என்றொரு எண் வரும். கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுகிறது என்பதன் சதவீதம். ஐடிலிங்கில் (நின்றபடி ஓடும்போது) 20 காட்டி, 2500 ஆர்பிஎம்மில் 4, 5 என்று இறங்கினால் எங்கோ ஓஸில் விரிசல், காற்று களவாக நுழைகிறது. விரிசலின் அளவு மாறாது. இன்ஜின் நிறையக் காற்று இழுக்கும்போது அந்தக் களவு சொற்பமாகிவிடுகிறது. மாறாக ஐடிலிங்கில் சரியாக இருந்து, வேகத்தில் எண் ஏறினால் பெட்ரோல் போதவில்லை: அடைத்த ஃபில்டர், களைத்த பம்ப், அல்லது அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சார். இங்கேயும் விடையைச் சொல்வது எண்ணைவிட, அது எப்போது வந்தது என்பதுதான்.

எலியையும் சொல்ல வேண்டும். ராத்திரியில் நன்றாக நிறுத்திய வண்டி காலையில் ஐந்தாறு விளக்கு எரிய உதறினால், ஸ்கேனரைத் தேடும் முன் பானெட்டைத் திறந்து ஒயர்களைப் பாருங்கள்.

‘எப்போது’ என்று கேட்கவே கூடாத ஒரே விளக்கு ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு. அது ஓட்டத்தில் எரிந்தால் ஓரம் கட்டி உடனே அணைக்க வேண்டும், வீடு வரைக்கும் போய்விடலாம் என்று கணக்குப் போடக்கூடாது. அழுத்தமில்லாத ஆயிலில் பேரிங் சில நிமிடம்கூடத் தாங்காது. சமதளத்தில் நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் சென்சார் பொய் சொல்கிறதா என்பதைத் தனி மீட்டர் மாட்டித்தான் உறுதி செய்ய வேண்டும். அதுவரை ஸ்டார்ட் செய்யாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பாட்டிலில் வரும் ‘சர்வரோக’ திரவங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் இதுவரை மாறவில்லை: தேய்ந்த உலோகத்தை எந்தத் தண்ணீரும் வளர்க்காது.

இப்போது என் நோட்டில் கடைசியாக இருக்கும் வரி இது: “குளிரில் மட்டும் டிக்டிக். நாலு நிமிடத்தில் நிற்கிறது. மிதித்தால் சத்தம் கூடுகிறது.” முதலில் டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) என்று நினைத்தேன். முந்தாநாள் காலையில் ஒரு துண்டு ரப்பர் ஓஸை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இன்ஜின் மேல் ஊர விட்டேன். வால்வு கவர் மேல் ஒன்றுமில்லை. சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஹெட்டோடு சேரும் இடத்தில், நாலாவது சிலிண்டருக்குப் பக்கத்தில் காதைக் குத்தியது. டார்ச் அடித்தால் கேஸ்கட் ஓரத்தில் கருப்பாகக் கரித் தடம். குளிரில் இடுக்கு வழியாகப் புகை துப்புகிறது, சூடானதும் உலோகம் விரிந்து தானே அடைத்துக்கொள்கிறது.

கேஸ்கட் வாங்கியாகிவிட்டது. ஆனால் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் துருப்பிடித்து ஹெட்டோடு ஒட்டிக்கிடக்கின்றன. அவசரப்பட்டுத் திருகினால் தலை முறிந்து கையோடு வந்துவிடும். நேற்று துரு இளக்கும் ஆயிலை ஒரு தடவை அடித்துவிட்டு வந்தேன். இன்றைக்கு ராத்திரி இன்னொரு தடவை. நாளைக்கு வண்டியைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு ஸ்பானரைக் கையில் எடுக்க வேண்டும்.